ஒற்றை இலைக்கு எவ்வளவு இனாம்?

ராஜாவுக்கு என்ன குறை இருக்கப்போகிறது என்று நாம் நினைக்கிறோம். மருதவளவ மகாராஜாவுக்கு ஒரு பெரிய குறை இருந்தது. சூடாக ஒரு வாய் சோறு கிடைக்காது! விஷம் கிஷம் இருக்கிறதா என்று அரண்மனையில் ஆள் மாற்றி ஆள் ருசி பார்த்து முடிப்பதற்குள் குழம்பில் ஆடை கட்டிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் குதிரை வியாபாரி மாதிரி முண்டாசு கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக மங்காத்தாள் சோற்றுக்கடைக்குப் போய்விடுவார். தன்னை யாருக்கும் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. ஊருக்கே தெரியும்.

அங்கே பரிமாறுகிறவன் சடையன். மங்காத்தாள் அவனுக்குச் சம்பளம் தருவதில்லை. சாப்பிட்டவர்கள் கையில் வைக்கும் இனாமில்தான் அவன் வீட்டில் உலை ஏறும்.

ஒருநாள் ராஜா சபையில் கேட்டார். "கூட்டமாகப் போய்ச் சாப்பிட்டால் எல்லாரும் சேர்ந்து ஏதோ கொடுத்துவிடுகிறார்கள். தனியாகப் போகிறவன் எவ்வளவு இனாம் கொடுப்பது? எனக்காக இல்லை, பொதுவாகத்தான் கேட்கிறேன்."

கருவூலத் தலைவர் பொன்னம்பலத்தார் துள்ளி எழுந்தார். அடுத்தவர் காசு கொடுப்பதைப் பார்த்தாலே அவருக்கு வயிறு எரியும். "ஒற்றை இலைக்கு என்ன பெரிய உழைப்பு, மகாராஜா? நாலு கரண்டி வைக்கிறான், போகிறான். ஒன்றும் கொடுக்கக் கூடாது!"

ராஜாவுக்கும் அது சௌகரியமாகவே பட்டது. சாயங்காலமே தண்டோரா போட்டாகிவிட்டது.

மங்காத்தாள் கடை சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே சாப்பிட வருகிறவர்கள் எல்லாருமே ஒற்றை ஆட்கள். சடையன் கதி என்ன ஆகும்? நேராகச் சீராளரிடம் ஓடினான். சீராளர் ராஜசபையின் மகா குறும்புக்காரர். அவரும் அந்தக் கடைச் சாப்பாட்டுக்கு அடிமை.

"சாமி, பிள்ளைங்க அரை வயிறும் கால் வயிறுமா படுக்குதுங்க. நான் வேற எங்க போவேன்?"

சீராளருக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் யோசித்தார். பிறகு மீசைக்குள் சிரித்தார்.

"அழாதேடா. ராஜா கட்டளையை நீயும் மதித்து நட. இனாம் இல்லை, அதனால் உபசாரமும் இல்லை. வை என்றால் வை. போதும் என்றால் நிறுத்து. வெள்ளிக்கிழமை ஒரு குதிரை வியாபாரி வருவாரே, அவரிடமிருந்து ஆரம்பி."

"ஐயோ சாமி, தலை போயிடும்!"

"போகாது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. ராஜாவும் வந்தார், கொலைப்பசியோடு. சடையன் ஒரு கரண்டி சோறு வைத்தான். ராஜா வழக்கம்போல இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும், போதும்" என்றார். இத்தனை நாளும் சடையன் என்ன செய்வான் தெரியுமா? "அட, நல்லா இருக்கு! இதை மட்டும் சாப்பிட்டா குதிரை எப்படி உங்களுக்கு அடங்கும்?" என்று விரல் சந்துக்குள்ளேயே இன்னும் இரண்டு கரண்டி தள்ளுவான். இன்றைக்கு அப்படியே நிறுத்திவிட்டான்.

ராஜா இலையைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். ஆள் அடுப்படிக்குப் போய்விட்டான்.

குழம்பு வந்தது. "போதும்." நின்றது. வாழைக்காய் வறுவல் வந்தது. "போதும்ப்பா." நின்றது. கடைசியில் பாயசம். "வேண்டாமே..." என்று ராஜா இழுத்த இழுப்பு இருக்கிறதே, கல்லும் கரைந்து ஒரு கரண்டி ஊற்றியிருக்கும். சடையன் "சரிங்க" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ராஜாவின் கண் அந்த வாளியோடு சமையற்கட்டு வரைக்கும் போய்த் திரும்பியது. வாய் விட்டுக் கேட்டுச் சாப்பிட மானம் விடுமா? பசியோடு எழுந்து போனார்.

மறுநாள் காலை சடையனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"நேற்று உன் கடையில் ஒரு குதிரை வியாபாரியைப் பட்டினி போட்டாயாமே!" என்று ராஜா உறுமினார்.

சடையன் கும்பிட்டான். "அவரு போதும்னு சொன்னாருங்க, மகாராஜா."

"போதும் என்றால் நிறுத்திவிடுவதா? நான் பாயசத்துக்கு எவ்வளவு நேரம் இழுத்தேன்!"

சபை சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சீராளர் எழுந்தார். "மகாராஜா, நாலு பேரோடு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரன் சொல்வான், 'யோவ், இவருக்கு இன்னும் ஒரு கரண்டி வை' என்று. தனியாக உட்கார்ந்தவனுக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பக்கத்து இலைக்காரன் வேலையையும் சடையன்தான் பார்க்கிறான். அந்த வேலைக்குத்தான் பொன்னம்பலத்தார் கூலி வேண்டாம் என்றார்."

ராஜா மோவாயைத் தடவினார். "அப்படியானால் ஒற்றை இலைக்கு எவ்வளவு இனாம்?"

"நீங்கள் போதும் என்று சொன்ன பிறகு இலையில் எவ்வளவு விழுந்ததோ, அதற்கு என்ன விலையோ, அவ்வளவு."

பொன்னம்பலத்தார் விடவில்லை. "அந்தக் கணக்குப்படி நேற்றைக்கு ஒன்றும் இல்லை!"

"ரொம்பச் சரி. நேற்றைக்கு ஒன்றும் இல்லை. மகாராஜா வயிற்றிலும் ஒன்றும் இல்லை."

ராஜா சிரித்துவிட்டார். "தண்டோராவை மாற்றிப் போடுங்கள்! இத்தனை வெள்ளிக்கிழமையும் இவன் எனக்கு அள்ளி வைத்தானே, அதற்கு இப்போதே இனாம். பொன்னம்பலத்தாரே, கரண்டியைப் பிடியும். பொற்காசை நீரே பரிமாறும்."

சடையன் துண்டை ஏந்தினான். பொன்னம்பலத்தார் அழாத குறையாக ஒரு கரண்டி போட்டார். சடையன் பதறிப்போய், துண்டுக்கு மேல் கையை நீட்டி, "போதும் மகாராஜா, போதும்!" என்றான்.

பொன்னம்பலத்தார் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் நிறுத்தினீர்?" என்றார் ராஜா.

"அவனே போதும் என்கிறானே, மகாராஜா!"

"உமக்கு எங்கே ஐயா பரிமாறத் தெரிகிறது?" என்று ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து கரண்டியை வாங்கினார். "அட, நல்லா இருக்கு! பிடிடா!" என்று சடையனின் விரல் சந்துக்குள்ளேயே இன்னும் இரண்டு கரண்டி தள்ளினார்.