ஈர்க்குச்சியில் ஒரு கீறல்

"அம்மா, இந்தப் பிள்ளை திருடுது."

"எதை?"

"தனக்கு ஊத்தின பாலைத்தான்."

மடத்தின் குருவான அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

சிவபாக்கியம் விடுவதாக இல்லை. மடத்தில் வளரும் ஒன்பது பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போடுவது அவள்தான். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவள். ஆனாலும் அவர் காலில் விழுந்து தீட்சை வாங்கியவள். அவள் அவரை அம்மா என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

"நாச்சியைத்தான் சொல்றேன். ஆறு வயசுல என்ன கள்ளத்தனம்! டம்ளர் காலி. வாயைத் துடைச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு அப்பவே சந்தேகம். செம்பருத்திச் செடிப் பக்கம் எறும்பு சாரை சாரையாப் போகுது. குனிஞ்சு பார்த்தா, மண்ணெல்லாம் பால்."

"ஏன் ஊத்தினேன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு டம்ளர்லயே வயிறு முட்டிடுச்சாம். போதும்னு சொன்னாளாம், நான்தான் கேக்கலையாம். அத்தனையும் பொய். எலும்பும் தோலுமா வந்த பிள்ளைக்கு வயிறு எப்படி முட்டும்?"

"அப்புறம்?"

சிவபாக்கியம் இடுப்பில் செருகியிருந்த ஈர்க்குச்சியை எடுத்துக் காட்டினாள். அதில் நகத்தால் ஒரு கீறல்.

"இப்ப பக்கத்துலயே நிக்கிறேன். ரெண்டு மடக்குக்கு ஒருதரம் குச்சியை விட்டுப் பார்க்கிறேன். எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரிஞ்சிடுமில்ல? நேத்து நான் ஊத்தின மூணு டம்ளரையும் குடிச்சிட்டு, ஓடிப்போய் வாந்தி எடுக்குது. வேணும்னே."

"வேணும்னு வாந்தி வருமா அக்கா?"

"அவளுக்கு வரும்."

குரு ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"பிள்ளைங்களுக்கு எவ்வளவு பால்தான் குடுக்கணும், அம்மா? டாக்டரம்மா ரெண்டு டம்ளர்ங்கிறாங்க. மாட்டுக்காரர் வயிறு கொண்டமட்டும்ங்கிறார். வாரப் பத்திரிகையில பாலே வேண்டாம்னு போட்டிருக்கு. யாரை நம்புறது? நீங்க ஒரு அளவு சொல்லுங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை அவ மாமா வர்றப்ப கையோட அனுப்பிடுங்க. என் கையால சாப்பிட்டு அது இன்னும் மெலிஞ்சுதுன்னா, அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

நாச்சிக்குத் தாய் இல்லை. மாமா வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரியும். இது சிவபாக்கியத்துக்கும் தெரியும். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"பூஜைக்கு நேரமாச்சு. வாங்க," என்றார் குரு.

சன்னிதியில் பாலமுருகன். முழ உயரத்தில் சின்னஞ்சிறு பிள்ளையாக நிற்பான். இருபது வருஷமாக அவனுக்கு இரண்டு வேளையும் பால் வைப்பது சிவபாக்கியம்தான். வெள்ளி டம்ளர் நிறைய, கற்கண்டு போட்டு. வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிடுவாள். வெளியே வந்து கண்ணை மூடி நிற்பாள். சாமி சாப்பிடும்போது பார்க்கக் கூடாது.

அன்றைக்கும் பாலை வைத்தாள். திரையைத் தொடப் போனாள்.

"இருங்க," என்றார் குரு.

கழுவிய புது ஈர்க்கு ஒன்று அவர் கையில் இருந்தது. அதை வெள்ளி டம்ளருக்குள் விட்டு எடுத்தார். பால் நனைத்த இடத்தில் நகத்தால் கீறினார்.

சிவபாக்கியம் திரையை இழுத்துவிட்டாள்.

திரை விழுந்தது. மணி அடித்தது. திரை விலகியது.

குரு மறுபடியும் குச்சியை விட்டுப் பார்த்தார்.

"கீறல் அப்படியே இருக்கே, அக்கா."

"அம்மா?"

"ஒரு சொட்டுகூட இறங்கலை. இவரும் சின்னப் பிள்ளைதான். இருபது வருஷமா உங்களை ஏமாத்தியிருக்கார். வெள்ளிக்கிழமை இவரையும் அனுப்பிடுவோமா?"

சிவபாக்கியம் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அபச்சாரம், அம்மா! வேணுங்கிறதை அவர் எடுத்துக்கிட்டார். தனக்கு எவ்வளவு வேணும்னு அவருக்குத் தெரியாதா? நாம யாரு, குச்சியை விட்டு..."

அவள் கை இடுப்பில் செருகியிருந்த ஈர்க்குச்சிக்குப் போனது.

குரு கீரை ஆயப் போய்விட்டார்.

சமையலறையில் நாச்சி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் கண் சிவபாக்கியத்தின் இடுப்பிலேயே இருந்தது.

"குச்சி எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன்."

"வேற வெச்சிருக்கீங்களா?"

"இல்லடி கண்ணு. எவ்வளவு ஊத்தட்டும்?"

பிள்ளை நம்பவில்லை. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். பால் பாத்திரத்துக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு விரலால் டம்ளரில் பாதியைத் தொட்டுக் காட்டினாள்.

சிவபாக்கியம் அதுவரைக்கும் ஊற்றினாள்.

நாச்சி டம்ளரைத் தொடவில்லை.

"நீங்க பார்த்துக்கிட்டே இருப்பீங்க."

சிவபாக்கியம் டம்ளரைப் பிள்ளையின் முன்னால் வைத்தாள். வாசலில் தொங்கிய பழைய சேலைத் திரையை இழுத்துவிட்டாள். வெளியே வந்து கண்ணை மூடி நின்றாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை.

"இப்ப வரலாம்," என்றது உள்ளேயிருந்து.

போனாள். டம்ளரை எடுத்தாள். உள்ளே பார்க்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.