ஓட்டத் தாளம்

ஆப்பிரிக்காவில் ஒரு காட்டில், ரொம்பக் காலத்துக்கு முன்னால் இல்லை குழந்தைகளே, இப்போதுதான், கிமா என்றொரு குரங்கு இருந்தது. பொந்தன்புளி மரத்தடியில் இருந்த முரசு அதன் பொறுப்பு. குட்டி பிறந்தால் ஒரு தாளம், மழை வந்தால் ஒரு தாளம். காட்டுத்தீ வந்தால் தடதடவென்று ஓட்டத் தாளம். அதைக் கேட்டதும் எல்லாரும் ஆற்றுக்கு ஓடிவிட வேண்டும். பாட்டன் காலத்து வழக்கம்.

ஒருநாள் கடல் தாண்டி ஒரு நாரை வந்தது.

"அடடா, என்ன ஒரு கலை! இதை அழிய விடலாமா? எங்க ஊர்க்காரங்களைக் கூட்டிட்டு வர்றேன். தினமும் அடி. அதுவும் அந்த ஓட்டத் தாளம் இருக்கே!"

கிமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் தலையைச் சொறிந்தது. "அண்ணே, அதை அடிச்சா எல்லாரும் ஓடிருவாங்களே?"

"ஓடிட்டா யாரப்பா கை தட்டுறது? உட்காரச் சொல்லு."

கிமாவும் எல்லாரிடமும் அப்படியே சொன்னது. வரிக்குதிரை மட்டும் சில நாள் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தது. பிறகு அதற்கும் பழகிவிட்டது. விருந்தாளி நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்தன.

"நம்ம பாரம்பரியம் பிழைச்சுது!" என்று யானைத் தலைவர் கண் கலங்கினார்.

கோடையில் ஒரு மத்தியானம், மரத்தின் மேலிருந்த கிமா மேற்கே புகையைப் பார்த்தது. விழுந்தடித்து இறங்கி ஓட்டத் தாளத்தை அடித்தது.

எல்லாரும் ஓடி வந்து உட்கார்ந்தார்கள்.

"தீ! ஓடுங்க!"

"வசனமெல்லாம் சேர்த்திருக்கான் பாரு," என்றது வரிக்குதிரை.

"மூஞ்சியில என்ன பயம்! பிரமாதம்ப்பா!" என்றது காட்டுப்பன்றி.

முதல் வரிசையில் கிமாவின் குட்டி. "அப்பா, இன்னொரு தடவை!"

கிமா முரசைப் போட்டுவிட்டுக் குட்டியை வாரிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடியது. முரசைக் கேட்டு ஓடாதவர்கள், முரசடிப்பவன் ஓடுவதைப் பார்த்துத்தான் ஓடினார்கள். வால் கருகியதோடு தப்பினார்கள். முரசு சாம்பலானது. நாரைகள்? புகை வாசம் பட்டதுமே பறந்துவிட்டிருந்தன.

அடுத்த வருஷம் அதே நாரை வந்தது. மரத்தடியில் புது முரசு.

"எங்கே, அந்தத் தாளத்தை எடுத்து விடு!"

கிமா அடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் மரத்தடி காலி. யானைத் தலைவர்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

"என்னப்பா இது! நீ ஒண்ணும் சொல்லி வைக்கலையா?"

"சொல்லியிருக்கேன் அண்ணே, ஓடச் சொல்லி," என்ற கிமா, முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தது.

நீதி: வேடிக்கைக்கு மட்டும் காப்பாற்றிய வழக்கம் ஆபத்துக்கு உதவாது.