ஆடாத நான்கு பற்கள்

பதில் சொல்ல அவசரப்படாதவர்கள் மட்டும் இந்தக் கதைக்கு வாருங்கள். இதில் மூன்று பேர். ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருப்பவர்கள். நடந்த கொடுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

திசையன்விளையில் பெயின்ட் கடை வைத்திருக்கும் தங்கப்பழத்துக்கும் ஜெயசுந்தரிக்கும் ஒரே மகள், சுபிதா. பல் மருத்துவம் படித்து, அதற்குமேல் மேற்படிப்பும் முடித்து நிபுணராக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் மதிப்பெண்ணுக்கு இரண்டு கல்லூரிகள் எட்டின. ஒன்று நகரத்துக்குள், பழைய கட்டடம், கட்டணம் அதிகம். மற்றது நாற்கரச் சாலையோரப் பொட்டலில், கண்ணாடி மாளிகை மாதிரி. அங்கே கட்டணம் பாதிதான்.

தங்கப்பழம் யோசித்துத்தான் பேசினார். முதல் படிப்பை எங்கே படித்தாய் என்று நாளைக்கு ஒருவரும் கேட்கப்போவதில்லை, மேற்படிப்பைத்தான் கேட்பார்கள். இதில் மிச்சம் பிடித்து அதில் கொட்டலாம் என்றார். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். பக்கத்துத் தெருவில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும், இந்தப் படிப்பு புத்தகத்தில் இல்லை, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் இருக்கிறது, சேருமுன் அதைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினாள்.

மூவரும் பொட்டல் கல்லூரிக்குப் போய்ப் பார்த்தார்கள். பெஞ்சு நிரம்பி வழிந்தது. தங்கப்பழத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஜெயசுந்தரிக்கு மட்டும் என்னவோ உறுத்தியது.

"ஏங்க, இத்தன பேர்ல ஒருத்தர்கூட கன்னத்தப் பிடிச்சிட்டு இருக்கலயே. எல்லாரும் முறுக்குல்லா கடிக்காவ."

"இவ பெரிய டாக்டரு. பேசாம வாட்டி," என்றார் அவர். மகளும் சிரித்தாள்.

அது கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்த நாள். பெஞ்சில் இருந்தவர்கள் வேன் வைத்துக் கூட்டிவரப்பட்டவர்கள். சேர்ந்த மறுவாரமே பெஞ்சு காலியானது.

பல் மருத்துவ மாணவர்கள் இத்தனை பல் பிடுங்கினோம், இத்தனை அடைத்தோம், ஒரு பல்செட் முழுசாகக் கட்டினோம் என்று கணக்குக் காட்டினால்தான் தேர்வெழுத விடுவார்கள். ஆளில்லாத கல்லூரியில் கணக்குக்கு எங்கே போவது? காவலாளியின் கடைவாய்ப் பல் வலித்தபோது அதை யார் பிடுங்குவது என்று மூன்று மாணவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சுபிதா அத்தையை இழுத்துப் போனாள், கடைப் பையன்களுக்குப் பஸ் காசு கொடுத்துக் கூட்டிப் போனாள். எல்லாம் முடிந்து பல்செட் ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பல்லே இல்லாத வாய் ஒன்று வேண்டும். கிடைக்காவிட்டால் தேர்வு ஆறு மாதம் தள்ளும். பயிற்சிக் காலமும் தள்ளி, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு அந்த வருஷம் வழியில்லை. ஒரு வருஷம் போனால் கல்யாணம்தான் என்று தங்கப்பழம் முன்பே சொல்லியிருந்தார்.

ஜெயசுந்தரிக்கு நாற்பத்தேழு வயது. சர்க்கரையால் ஈறு கெட்டு, பதினான்கு பற்கள்தான் மிச்சம். சுபிதா அம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பத்து ஆடின. கோரைப்பற்கள் நான்கும் ஆணி அடித்த மாதிரி நின்றன.

"பத்தையும் எடுக்கத்தான போற. நாலு மட்டும் கெடந்து எனக்கு என்ன செய்ய?" என்றாள் ஜெயசுந்தரி.

மகள் இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்: "எம்மா, புண்ணு ஆற மூணு மாசம் வேணும். இந்த வாரமே எடுத்தாத்தான் சரியா வரும்."

நான்கு பற்கள் ஆடவில்லை என்பதை அப்பாவிடம் சொல்லவில்லை. கல்லூரியில் சுபிதா தன் கையாலேயே சீட்டு எழுதினாள்: பதினான்கும் ஆடுகின்றன. சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் வாய்க்குள் விரல் வைக்கவில்லை. எல்லாம் ஆடுதாம்மா என்று கேட்டார். ஆடுது சார் என்றாள் ஜெயசுந்தரி. கையெழுத்தானது.

பத்துப் பற்களும் சுலபமாக வந்தன. முதல் கோரைப்பல்லில் குறடு நின்றது. மரத்துப்போன வாயில் வலியில்லை, சத்தம்தான். கதவு நிலையைச் சுவரோடு பெயர்க்கிற சத்தம், மண்டைக்குள். மகளின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முந்தானையால் துடைத்துவிடலாம் என்று ஜெயசுந்தரிக்குக் கை எழுந்தது; பிள்ளைக்குக் கை தவறிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். சுபிதா ஒரு கணம் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குறடு மறுபடி இறுகியது.

பல்செட் மூன்று மாதம் கழித்து வந்தது. மாணவி செய்த பல்செட், ஈறில் சரியாக உட்காரவில்லை. ஆட்கள் வந்தால் ஜெயசுந்தரி அதை வாயில் மாட்டிக்கொள்வாள், சாப்பிடும்போது கழற்றி வைத்துவிட்டுக் குழைந்த சோற்றை விழுங்குவாள். சுபிதா தேறினாள். மேற்படிப்புக்கு நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தது.

சேரப் போகிற நாளன்று, எடுத்ததில் நான்கு நல்ல பல் என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்துவிட்டது. பொய் சொல்லி வாயைக் கெடுத்துக்கொண்டாயே என்று தங்கப்பழம் பெண்டாட்டிமேல் பாய்ந்தார். அன்றைக்கே அந்த பெஞ்சைப் பற்றிச் சொன்னேனே என்று அவளும் முதல்முறையாகத் திருப்பிக் கேட்டாள். இருவரும் மகளைப் பார்த்தார்கள்.

"எம்மாதான எடுக்கச் சொன்னா," என்றாள் சுபிதா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மலிவைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த தகப்பனா, ஆடுது என்று பொய் சொன்ன தாயா, பிடுங்கிய மகளா? அந்த நான்கு பற்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: மகள். தகப்பன் போட்டது தப்புக் கணக்கு. ஆனால் அவர் யார் வாயிலும் கை வைக்கவில்லை. தாய் சொன்னது பொய். ஆனால் வாய் அவளுடையது, கொடுக்க அவளுக்கு உரிமை உண்டு. கையெழுத்துப் போட்டவர் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, அது வேறு குற்றம். அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று விரலால் அறிந்து, அசைகிறது என்று எழுதியவள் ஒருத்திதான். அந்த அறையில் அவள் மகள் அல்ல, மருத்துவர். தாய் கண்ணை மூடியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். இனி அவள் நாற்காலியில் சாயப்போகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடித்தான் இருப்பார்கள்.