சந்தல்போன் போடாத முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு பூக்கட்டுறவன் இருந்தானாம். ஊருன்னா நம்ம ஊரு இல்லடி குட்டி, வானம். பேரு சந்தல்போன். யூதர்னு ஒரு சனம் இருக்காங்கல்ல, அவங்க சொல்ற தேவதூதன். எவ்ளோ உசரம்ங்கிற? காலு பூமியில, தலை சொர்க்கத்து வாசப்படியில. நிமிந்து நின்னா மேகம் அவன் இடுப்புல வந்து இடிக்கும். ம் கொட்டு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

"ம்."

அவனுக்கு ஒரே வேலைதான். கீழ சனங்க வேண்டிக்கிறதெல்லாம் சரசரன்னு பூவா மேல வரும். அதை அள்ளி, மாலையா கட்டி, சாமி தலைக்குப் போடணும். போட்டாத்தான் வேண்டுதல் பலிக்கும். கட்டாத பூ எத்தனை வாசமா இருந்தாலும் கூடையிலயே கிடக்க வேண்டியதுதான்.

அப்புறம், மலையடிவாரத்துல அந்த யூத சனங்க இருக்கிற ஒரு சின்ன ஊரு. அங்க சிப்போரான்னு ஒருத்தி. தாய் தகப்பன் இல்ல. யோத்தாம்னு ஒரே தம்பி, கிணறு வெட்டுறவன். இடுப்புல தூக்கி வளத்ததே இவதான். ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயுற நேரம், அவன் கிணத்துக்குள்ள இருக்கான். திடுதிடுன்னு மண்ணு சரிஞ்சுடுச்சு. அடியில ஒரு பொந்துல மாட்டிக்கிட்டான். "அக்கா... அக்கா..."ன்னு சத்தம் மட்டும் மெல்லமா வருது.

அவங்களுக்கு வெள்ளிக்கிழமை பொழுது விழுந்தா, சனிக்கிழமை பொழுது விழற வரைக்கும் ஓய்வு நாள். அடுப்பு மூட்ட மாட்டாங்க, மண்ணு தோண்ட மாட்டாங்க, நூல்ல ஒரு முடிச்சுகூடப் போட மாட்டாங்க. ஆனா ஒரு உசுரு போகப் போகுதுன்னா எல்லாத்தையும் மீறலாம், மீறித்தான் ஆகணும். அதுவும் அவங்க சட்டம்தான். அதனால ஜெபக்கூடத்துல இருந்த ஆம்பளைங்க போட்டிருந்த நல்ல துணியோடயே மம்மட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. டக்கு டக்குன்னு வெட்டுறாங்க. குறுக்க ஒரு பாறை. அசைய மாட்டேங்குது.

சிப்போரா கிணத்து மேட்டுல உக்காந்து, "சாமி, அந்தக் கல்லை மட்டும் நகத்திக் குடு"ன்னா. அவ்வளவுதான் கேட்டா. பூ மேல போயிடுச்சு.

"ம்."

அப்போ சந்தல்போன் கையில அது வந்து விழுது, சுடச்சுட. நாரை எடுத்தான். எடுத்தவன் நிறுத்திட்டான். பொழுது விழுந்துடுச்சே, முடிச்சு போடக் கூடாதேன்னு. பெரிய ஒழுங்கு மகராசன். இவன் கால்கிட்டயே அத்தனை பேரு மண்ணு வெட்டுறாங்க, அதைப் பாத்தாவது புத்தி வர வேணாமா? நாளைக்குப் பொழுது விழட்டும், மொத மாலையே இதுதான்னு பூவை உள்ளங்கையில பொத்தி வச்சுக்கிட்டான். நினைச்சா எனக்கே வயிறு எரியுது.

மறுநாள் பொழுது விழுந்து நட்சத்திரம் தெரிஞ்சதும் கட்டினான். சாமி தலையில போட்டான். போட்ட அந்தக் கணமே கீழ கடகடன்னு கல்லு நகந்துடுச்சு. உள்ள யோத்தாம் கிடக்கான். உடம்பு இன்னும் சில்லிடக்கூட இல்ல. அவ்ளோ நேரம் தாக்குப் பிடிச்சிருக்கான் பாவம்.

"செத்துட்டானா?"

செத்துட்டான்டி கண்ணு.

அப்புறம் சந்தல்போன் சாமி கால்ல விழுந்தான், மன்னிச்சிடுங்கன்னு. சாமி, "எனக்கா பண்ணின? அவகிட்டப் போய்க் கேளு"ன்னுட்டாரு. அவங்க வழக்கமும் அதான். ஒருத்தருக்குப் பண்ண தப்பை அவங்கதான் மன்னிக்கணும். மூணு தரம் போய்க் கேக்கணும். மூணு தரமும் இல்லைன்னுட்டா, கேட்டவன் மேல அதுக்கப்புறம் குத்தமில்ல.

அப்போ அவன் ஆளு உசரத்துக்குச் சுருங்கிக்கிட்டு அவ வீட்டுக்குப் போனான். அவ துக்கத்துல தரையில உக்காந்திருக்கா. நடந்தது அத்தனையும் ஒண்ணு விடாம சொல்லி, மன்னிச்சிடு தாயின்னான். அவ சுவத்துப் பக்கமாத் திரும்பி உக்காந்துட்டா.

அப்புறம் மறுபடி போனான். மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தா. "அவன் அக்கா அக்கான்னு கூப்பிட்டது உனக்கும் கேட்டுச்சா?"ன்னா.

"கேட்டுச்சு தாயி."

அவ மாவை அப்படியே போட்டுட்டு உள்ள போயிட்டா.

மூணாவது தரம் போனப்போ அவளே வாசலுக்கு வந்தா. "மூணு தரம் கேட்டுட்ட. இனி உன் மேல குத்தமில்ல. போ."

"நீ மன்னிக்கலையே தாயி."

"மன்னிக்கணும்னுதான்ப்பா நானும் பாக்குறேன். வரல. வந்தா சொல்ல மாட்டேனா?"ன்னா.

குத்தமில்லைன்னு ஆயிடுச்சுல்ல, போயிருக்கலாம். அவனால போக முடியல. ரொம்ப நேரம் அங்கயே நின்னுட்டுத்தான் மேல போனான். இப்பவும் கட்டுறான். ஓய்வு நாளோ எந்த நாளோ, உசுருக்கு வேண்டின பூ வந்தா கை தானா முடிச்சு போட்டுடும். ஆனா சிப்போரா வீட்டுலேருந்து அதுக்கப்புறம் ஒரு பூவும் வரல. அவ வேண்டுறதையே விட்டுட்டா.

"ம்..."

அவ்வளவுதான், கதை அவ வாசலோட நின்னுடுச்சு. நீ கண்ணை மூடித் தூங்கு.