மூடிய கணக்கும் மூடாத கார்டும்

ஒரு விடுகதை.

மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் ஏறும் குழாயை அடைத்தாகிவிட்டது. இறங்கும் குழாய் திறந்தே இருக்கிறது. மழையும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எப்படி?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மடம். அங்கே பால்வண்ணன் என்பவர் சில மாதங்களாகத் தங்கியிருந்தார். வேலையை விட்டுவிட்டு வந்தவர். துறவியாக வேண்டும் என்று ஆசை.

மடத்தை நடத்தியவர் வடிவம்மாள். ஒரு நாள் காலையில் அவரிடம் பால்வண்ணன் கேட்டார்.

“எனக்கு எப்பம்மா காவி குடுப்பீங்க?”

வடிவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எல்லாத்தையும் விட்டாச்சா அண்ணாச்சி?”

“விட்டாச்சு. வேலைய விட்டேன். வீட்ட விட்டேன். மீசையக்கூட எடுத்துட்டேன்.”

“மீசை தானா வளந்துரும். வேற?”

“பேங்க் கணக்கையும் மூடியாச்சு. என் பேர்ல இனி ஒரு பைசா கிடையாது.”

“நேத்து உங்க பேருக்கு ஒரு பார்சல் வந்துதே?”

“ருத்ராட்ச மாலைம்மா. அசல். நேபாளத்துது.”

“காசு?”

“கார்டுலதான் வாங்கினேன்.”

“கணக்க மூடியாச்சுன்னீங்களே?”

பால்வண்ணன் பொறுமையாக விளக்கினார்.

“அது சேமிப்புக் கணக்கு. இது கிரெடிட் கார்டு. ரெண்டும் ஒரே பேங்க்தான். ஆனா கணக்க மூடினாலும் கார்டு அப்படியே இருக்கும்னு மேனேஜரே சொன்னாரு. பில்லுக்கு வேற ஒரு கணக்கக் காட்டினாப் போதும்.”

“யாரு கணக்கக் காட்டினீங்க?”

“என் வீட்டுக்காரி கோமதி கணக்க. ஜவுளிக்கடையில பில் போடுறா. சம்பளம் விழுந்ததும் தானாப் போயிரும். யாரும் கைய நீட்ட வேண்டாம்.”

“அப்ப, அடுத்த வீட்டுத் தொட்டியிலருந்து தண்ணி வருது” என்று சொல்லி, வடிவம்மாள் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

மதியம் பந்தி நடந்தது. பால்வண்ணன் ஓர் இலையில் உட்கார்ந்தார். அடுத்த இலையில் தோட்டக்காரர் சுடலை.

வடிவம்மாள் பரிமாறிக்கொண்டே வந்தார். பால்வண்ணனின் முன்னால் நின்றார். குனிந்து அந்த வெறும் இலையை மடித்து மூடினார்.

“நான் இன்னும் சாப்பிடலையேம்மா.”

“சாப்பிடுங்க.”

சுடலையின் இலையில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார்.

“இதுல எடுத்துச் சாப்பிடுங்க.”

“அது அவரு இலை. அவருக்குச் சோறு இல்லாமப் போயிருமே?”

“தானாப் போயிரும் அண்ணாச்சி. அவரு கைய நீட்ட வேண்டாம்.”

சுடலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாயி, வெளையாட்டுக்குத்தான சொல்லுதிய? எனக்குப் பசிக்கி.”

பால்வண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

மாலையில் திரும்பி வந்தார்.

“கோமதி சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டதும்மா அது. நான் ஒண்ணும் திருடல.”

“அப்ப அவங்கள வரச் சொல்லுங்க. ‘எடுத்துக்கட்டும்’னு ஒரு வார்த்தை அவங்க வாயால சொல்லட்டும். மறுநாளே காவி.”

கோமதி அடுத்த வாரம் வந்தாள். கடையில் அரை நாள் லீவு கேட்டு, சீருடைச் சேலையோடு வந்திருந்தாள். மகள் தன்ஷிகாவும் கூட வந்தாள். மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தது.

மீசையில்லாத அப்பாவைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“நாந்தான்டா, அப்பா.”

“தெரியுது” என்றாள்.

வடிவம்மாள் கேட்டதற்குக் கோமதி பதில் சொன்னாள்.

“கையெழுத்துப் போட்டது நாந்தான்மா. வேலைக்குக் கிளம்புற அவசரத்துல பேப்பர நீட்டினாக. போட்டேன். வீட்டுக்காரரு நீட்டினா வாசிச்சுப் பாத்துட்டா போடுவோம்?”

“அப்புறமாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே கோமதி” என்றார் பால்வண்ணன்.

“எங்க சொல்ல? போன் பண்ணினா மவுன விரதம்னு மெசேஜ் வருது. மவுனத்துலயும் மாலை மட்டும் வாங்கத் தெரியுது உங்களுக்கு.”

பால்வண்ணன் துண்டை இழுத்துக் கழுத்து மாலையை மூடினார்.

“ஸ்கூல் வேன நிறுத்தியாச்சு. இவ நடந்துதான் போறா. இப்படியே போனா அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கூடமும் கிடையாது. எடுத்துக்கட்டும்னு நான் எந்த வாயால சொல்ல?”

பால்வண்ணன் பையிலிருந்து கார்டை எடுத்தார். வடிவம்மாள் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

அவர் அதைத் தொடவில்லை.

“நாளைக்கு எனக்கே ஒரு காய்ச்சல், ஆஸ்பத்திரின்னு வந்தா? சாமியாருக்கு யாரு கடன் குடுப்பா?”

கோமதி பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

“சரி, பிள்ளையே சொல்லட்டும்” என்றார் பால்வண்ணன்.

மகளின் முன்னால் மண்டியிட்டார். இரண்டு கைகளையும் நீட்டினார். ஒரு கையில் கார்டு இருந்தது. மற்றது வெறுங்கை.

“இங்க பாரு தன்ஷி. இந்த வெறுங்கையப் பிடிச்சேன்னா, அப்பா இப்பவே உங்கூட வீட்டுக்கு வந்துருவேன். கார்ட எடுத்தேன்னா அது உனக்கு. அப்பா இங்கயே இருந்துருவேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் எதைப் பிடிப்பாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

“பச்சப் பிள்ளகிட்டப் போயி என்ன கேள்வி கேக்கிய?” என்றாள் கோமதி.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றார் வடிவம்மாள். “இத அவகிட்டக் கேக்காதீங்க.”

பால்வண்ணன் கைகளை மடக்கவில்லை.

தன்ஷிகா இரண்டு கைகளையும் பார்த்தாள்.

“வீட்டுக்கு வந்தா வேலைக்குப் போவியாப்பா?”

“பாப்போம்டா.”

“கார்டும் வீட்டுக்கு வருமா?”

“வரும். அது அப்பாகிட்டத்தான இருக்கும்.”

தன்ஷிகா கார்டை எடுத்தாள்.