முதுகு காட்டி வந்த மாப்பிள்ளை

மொட்டப்பாறை நாச்சிமுத்துவை ஏழு பெண் வீட்டார் பார்த்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டாவது இடம் மலைமேல். இதுவும் கைநழுவினால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று அவனுக்கு உள்ளூர உதறல்.

தரகர் சொன்னார்: "பொண்ணோட அப்பா காளியண்ணன் கறாரான ஆளு. மாப்பிள்ளை சைக்கிள்ல உக்காந்துதான் வாசலுக்கு வரணும். தள்ளிக்கிட்டு வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருவாரு."

சைக்கிள் கடைக்காரர் சொன்னார்: "மேட்டுல இறங்கித் தள்ளு. இறக்கத்துல மட்டும் உக்காரு. இல்லாட்டி செயின் அந்துரும்."

அம்மா சொன்னாள்: "தை மாசக் குளிரு. எதிர்காத்து நெஞ்சுல படவே கூடாது கண்ணு."

மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டு, கூட்டாளிகள் செங்கோடன், பழனியப்பனோடு கிளம்பினான். ஆளுக்கொரு சைக்கிள்.

"மூணு பேராப் போனா காரியம் கெட்டுருமே!" என்றான் பழனியப்பன்.

வாஸ்தவம்தான். மூன்று பேராய்ப் போகிறவர்கள் நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துப் போவது வழக்கம். ஊர் உலகத்தில் கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

"கல்யாண விஷயத்துக்குப் பொடிசைக் கூட்டிட்டுப் போனா பொண்ணு வீட்டுல மதிப்பாங்களா?" என்றான் செங்கோடன். "பெரியவரா ஒருத்தர் வேணும்."

அம்மிக்கல்லை நாச்சிமுத்துவின் கேரியரில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார்கள்.

மலை முழுக்க மேடு. ஆகவே முழுக்கத் தள்ளினார்கள். பாதி வழியில் நாச்சிமுத்து கல்லைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"அய்யோ, பெரியவர் விறைச்சுட்டாருடா!"

தன் கம்பளியைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, பல் கிடுகிடுக்க மேலே நடந்தான்.

பெண் வீடு கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் ஒரு மேடு, செங்குத்தாக. மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பெரியவரும் கேரியரில் யோசித்தார்.

"உக்காந்து போகாட்டி பொண்ணு இல்ல," என்றான் நாச்சிமுத்து. அழுகை முட்டியது.

"மேட்டுல உக்காந்தா செயின் இல்ல," என்றான் செங்கோடன்.

பழனியப்பன் தாடையைத் தடவினான். "மேடுங்கறது என்னடா? மேல பாத்து நின்னா மேடு. கீழ பாத்து நின்னா இறக்கம். சைக்கிளைத் திருப்பு!"

திருப்பினார்கள். நாச்சிமுத்து கீழே பார்த்து ஜம்மென்று உட்கார்ந்தான். குளிர்காற்று மேலிருந்து வந்து முதுகில் அறைந்தது.

"நெஞ்சுல படலடா! அம்மா சொன்னதும் பலிச்சிருச்சு!"

கேரியரில் கயிறு கட்டி, இரண்டு பேரும் அவனைப் பின்பக்கமாக மேலே இழுத்தார்கள்.

சத்தம் கேட்டுக் காளியண்ணனும் மகள் பாவாயியும் வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்து சேர்ந்தது கம்பளிதான்.

"வாங்க பெரியவரே!" என்று காளியண்ணன் கும்பிட்டார். பதில் இல்லை. கறாரான ஆள் போலிருக்கிறது என்று அவருக்கு மரியாதை கூடிவிட்டது. அப்புறம்தான் மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார்.

"அட, கோவிச்சுக்கிட்டுப் போறாரே! ஏனுங்க மாப்ள, போகாதீங்க!"

"போகலீங்க மாமா, வந்துட்டிருக்கேன்," என்றான் நாச்சிமுத்து, திரும்பாமல்.

சொன்னபடியே கிட்டே வந்துகொண்டிருந்தான். காளியண்ணனுக்குத் தலை சுற்றியது.

"மூஞ்சியே காட்டாத ஆளுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறது?"

நாச்சிமுத்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். எட்டும் போச்சு!

பாவாயி வாயைத் திறந்தாள். "அப்பா, இவரையே முடிச்சிருங்க. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பினாலும் நம்ம வாசலுக்கே வந்து சேர்ற புருஷன் வேற எங்க கிடைப்பான்?"

காளியண்ணனுக்கும் நியாயமாகப் பட்டது. தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து பெரியவர் முன்னால் நீட்டினார். கம்பளி அசையவில்லை. வெற்றிலையில் பனி இறங்கியது. காளியண்ணனுக்குக் கை கடுத்தது.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றான் நாச்சிமுத்து, இன்னும் திரும்பாமல். "பொண்ணு பிடிச்சிருக்கான்னு பெரியவர் யோசிக்கிறாரு."