பதினொன்று என்று சொன்ன கூழைக்கடா

பெரிய ஏரி ஒன்றில் பைவாயன் என்ற கூழைக்கடா வாழ்ந்து வந்தது. ஏரியின் நடுவே ஒரு தீவு. தீவு முழுக்கப் பறவைகளின் கூடுகள்.

ஒரு கோடையில் வல்லூறுகள் கூட்டமாக வந்து குஞ்சுகளைத் தூக்கத் தொடங்கின. ஏரிப் பறவைகள் ஒன்றுகூடிப் படை திரட்டின. படையில் சேர்ந்த ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எண் கிடைத்தது. எண்ணைச் சொன்னால் போதும், அதன் வேலை தெரிந்துவிடும். பதினேழு என்றால் காவல். பதினொன்று என்றால் முன்வரிசையில் பறந்து வல்லூறுகளோடு மோதுவது. பைவாயனுக்குக் கிடைத்த எண் நாற்பத்திரண்டு. அலகுப் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்க் காயம்பட்டவர்களுக்குக் கொடுப்பது அதன் வேலை.

சண்டை இருபது நாள் நடந்தது. அடிபட்ட பறவைகள் கரையோரப் பாறையில் வந்து விழுந்தன. வெயிலில் பாறை கொதித்தது. பைவாயன் ஏரிக்கும் பாறைக்குமாக நாள் முழுக்கப் பறந்தது. தண்ணீர் சுமப்பவர்களையும் வல்லூறுகள் விட்டுவைக்கவில்லை. பைவாயனோடு போன நான்கு கூழைக்கடாக்களில் இரண்டு திரும்பவே இல்லை.

கடைசியில் வல்லூறுகள் மலைப்பக்கம் ஓடிவிட்டன. பறவைகள் கூடுகளுக்குத் திரும்பின.

ஒருநாள் நாலைந்து குஞ்சுகள் பைவாயனைச் சூழ்ந்துகொண்டன.

"மாமா, சண்டையில் உங்கள் எண் என்ன?"

"நாற்பத்திரண்டு."

"ஓ, தண்ணீர் தூக்குகிற வேலையா?" என்றது ஒரு குஞ்சு. மற்றவை சிரித்தன. பிறகு பதினொன்றாம் எண்காரர் யாராவது இருக்கிறாரா என்று தேடிக்கொண்டு ஓடிவிட்டன.

அந்தச் சிரிப்பு பைவாயனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த ஏரியில் இருக்கவே அதற்குப் பிடிக்கவில்லை. அரை நாள் பறந்து, இன்னோர் ஏரிக்குக் குடிபோனது. அங்கே அதை யாருக்கும் தெரியாது.

"நீங்கள் சண்டைக்குப் போனவரா? எந்த எண்?" என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள்.

"பதினொன்று" என்றது பைவாயன்.

ஒரு சொல்தான். அதற்குப் பிறகு உயரமான கிளை அதற்கு என்று ஆயிற்று. காலையில் பிடிக்கும் முதல் மீன் அதற்கு என்று ஆயிற்று. மாலையில் குஞ்சுகள் கதை கேட்க வந்தன. பைவாயன் தான் பார்த்த சண்டையை, தானே போட்ட சண்டையாகச் சொன்னது.

இரண்டு வருடம் கழித்து இந்தச் செய்தி பெரிய ஏரியில் இருந்த செவ்வந்தி என்னும் நாரையின் காதுக்கு எட்டியது. அதன் ஒரே மகன் நெடுங்காலன் பதினொன்றாம் எண்ணில் பறந்து இறந்தவன். அவன் எப்படி இறந்தான் என்று செவ்வந்திக்குச் சொல்ல ஆளில்லை. இறகு உதிர்கிற வயதில், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து அது பறந்து வந்தது.

"தம்பி, நீயும் பதினொன்றாமே. என் மகன் நெடுங்காலனைப் பார்த்தாயா?" என்று கேட்டது.

பைவாயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெடுங்காலனை அதற்குத் தெரியும். அவன் கடைசியாகத் தண்ணீர் குடித்தது பைவாயனின் அலகுப் பையிலிருந்துதான். ஆனால் அதைச் சொன்னால், "முன்வரிசையில் இருந்தவனுக்குப் பாறையில் என்ன வேலை?" என்று கேட்பார்களே. சுற்றிலும் குஞ்சுகள் வேறு பார்த்துக்கொண்டிருந்தன.

"பார்த்தேன் அம்மா. என் பக்கத்தில்தான் பறந்தான். மூன்று வல்லூறுகளை வீழ்த்தினான். பிறகு ஒரே நொடியில் உயிர் போய்விட்டது. வலியே தெரிந்திருக்காது."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டது. "வலிக்கவில்லை அல்லவா? அது போதும்" என்றது.

அடுத்த பௌர்ணமிக்கு அது மறுபடியும் வந்தது. "இன்னொரு முறை சொல் தம்பி" என்றது. பைவாயன் சொன்னது. மூன்று வல்லூறுகள் நான்காயின. அதற்கடுத்த பௌர்ணமிக்கு ஐந்தாயின. செவ்வந்தி அதைத் தன் ஏரியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

மூக்கன் என்ற நீர்க்காகமும் அதைக் கேட்டது. மூக்கனுக்கு ஒரு சிறகு பாதிதான் இருந்தது. அது உண்மையாகவே பதினொன்றாம் எண். நெடுங்காலனுக்கு ஜோடியாகப் பறந்ததும் அதுதான். முதல் மோதலிலேயே அடிபட்டு அவன் பாறையில் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்தது. இறங்கிப் பார்க்க அதற்கு நேரம் இருக்கவில்லை. அவன் முடிவு தெரியாததால் தாயிடம் போய்ச் சொல்லவும் அதற்கு மனம் வரவில்லை.

மூக்கன் தன்னோடு படையில் இருந்த முக்குளிப்பான் பறவையிடம், நாற்பத்திரண்டாம் எண்காரனான பைவாயன் பொய் சொல்கிறான் என்று சொல்லி வருந்தியது.

"விட்டுவிடேன். அந்தத் தாய்க்கு ஆறுதலாக இருக்கிறதே" என்றது முக்குளிப்பான். "அவனும் வெயிலில் தண்ணீர் சுமந்தவன்தான். சும்மா இருந்தவன் இல்லையே."

"அதனால்தான் வயிறு எரிகிறது" என்றது மூக்கன். "அவனைப் போன்றவர்கள் கொண்டுவந்த தண்ணீர் இல்லாவிட்டால் நான் இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு என்ன வெட்கம்? செத்தவர்கள் வந்து என் இடத்தைக் கொடு என்று கேட்கப்போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்."

பாதிச் சிறகோடு மூக்கன் தத்தித் தத்திப் பறந்து போனது. போய்ச் சேர்ந்தது பௌர்ணமியன்று. செவ்வந்தி அங்கே இருந்தது. மூக்கன் அதை எதிர்பார்க்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் தனியாக வாருங்கள். ஒரு வார்த்தை பேச வேண்டும்" என்றது பைவாயனிடம்.

மூக்கனைப் பைவாயனுக்கு அடையாளம் தெரியவில்லை. பாறையில் எத்தனையோ முகங்கள். "எதுவானாலும் இங்கேயே கேள். என்னிடம் ஒளிவு மறைவு கிடையாது" என்றது பெருமையாக.

மூக்கன் செவ்வந்தியை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு கேட்டது. "பதினொன்றில் நீங்கள் கிழக்கு அணியா, மேற்கு அணியா?"

பைவாயன் விழித்தது. "இரண்டிலும் பறந்தேன்."

"கிழக்கில் பறந்தவர்கள் ஒருநாள்கூட மேற்கில் பறந்ததில்லை அண்ணே. நான் கிழக்கு. நெடுங்காலன் என் ஜோடி. நீங்கள் எங்களோடு இல்லை."

எல்லோரும் பைவாயனையே பார்த்தார்கள்.

செவ்வந்தி மெல்ல எழுந்து முன்னால் வந்தது. "ஐந்து வல்லூறுகள்?"

பைவாயன் தலையைக் குனிந்துகொண்டது.

"வலிக்கவில்லை என்றாயே, அது?"

"அம்மா, இப்போது உண்மையைச் சொல்கிறேன். நான் நாற்பத்திரண்டு. உங்கள் மகன் பாறையில் ஒரு மதியம் முழுக்க உயிரோடு இருந்தான். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். நாலு தடவை கொடுத்தேன். கடைசித் தடவை குடித்துவிட்டு, 'இதில் பாசி வாசம் அடிக்கிறது, எங்கள் கூட்டுக்குக் கீழேயும் இப்படித்தான் அடிக்கும்' என்றான். அம்மாவிடம் சொல்லுங்கள் என்றான். என் கழுத்தில் சாய்ந்தபடியே போய்விட்டான்."

செவ்வந்தி நெடுநேரம் பைவாயனின் முகத்தையே பார்த்தது.

"போன பௌர்ணமிக்கும் இதே முகத்தோடுதான் சொன்னாய் தம்பி" என்றது. பிறகு மூக்கனின் பக்கம் திரும்பியது. "நீ அவன் ஜோடி ஆயிற்றே. இவன் சொல்வது நிஜமா?"

மூக்கன் அதன் அருகே தத்திப் போனது. "நிஜமாக இருக்கலாம் அம்மா. எனக்குத் தெரியாது. பாறையில் யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்பது இவருக்கு மட்டும்தான் தெரியும்."

செவ்வந்தி வேறு எதுவும் கேட்கவில்லை. பறந்து போய்விட்டது. அடுத்த பௌர்ணமிக்கு அது வரவில்லை. அதன் பிறகு எப்போதும் வரவில்லை. தன் ஏரியிலும் மகனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பைவாயனை யாரும் அடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியாகப் போனது மூக்கன்.

"அண்ணே, எனக்குத் தண்ணீர் கொடுத்தவரைக் கண்டால் காலில் விழ வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தேன்" என்றது. "அது நீங்களாகவும் இருக்கலாம். இப்போது என்னால் முடியவில்லை."

தான் செய்த நல்ல வேலையைக் கேவலமாக எண்ணி அடுத்தவர் பெருமையைத் திருடுகிறவன், தன் வாயிலிருக்கும் உண்மையையும் யாருக்கும் பயன்படாமல் செய்துவிடுகிறான்.